வெல்டாவின் தொட்டியில் திறந்து கிடந்த வால்வு

மார்லிஸ் காலைக் காப்பியில் வாய் வைப்பதற்குள் வெல்டா சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். காலில் பன்றிக் கொட்டகைச் சேறு. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் அயோவா மாநிலத்துப் பண்ணைப் பக்கத்தில் ஒருத்தி அடுத்த வீட்டுக்குள் அப்படி நுழைந்தால் விஷயம் பெரிது.

"டுவேன் என் தொட்டிலேருந்து கேஸ் திருடறான்டி. இனிமே என் வயல்ல கால் வைக்காதேன்னு இன்னிக்கே சொல்லிடப்போறேன்" என்றாள்.

மார்லிஸ் முப்பது வருடம் தீயணைப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடே எரிந்தாலும் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள். அவளுடைய கொழுந்தன் கிளைடு நேர் எதிர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன், அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பப் போய்விட்டான்.

வழியில் வெல்டா எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கணவர் ஆர்விலுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆறு வாரம் நாற்காலியை விட்டு அசையக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இங்கே ஒருவர் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார் இயந்திரங்களோடு வந்து அவர் சோளத்தை அறுத்துக் கொடுப்பார்கள். கேட்க வேண்டியதே இல்லை. பக்கத்துப் பண்ணைக்கார டுவேனும் அப்படித்தான் வந்தான். இன்னும் நாற்பது ஏக்கர் மக்காச்சோளம் நிற்கிறது, சனிக்கிழமை பனி விழும் என்கிறார்கள். டுவேனை விரட்டினால் சோளமும் போச்சு, முப்பத்தெட்டு வருட உறவும் போச்சு.

இரவு சோளம் உலர்த்தும் ட்ரையரை நிறுத்தி, புரோப்பேன் கேஸ் தொட்டியின் வால்வை இறுக மூடிவிட்டுத்தான் அவள் படுக்கிறாள். மூன்று நாளாகக் காலை ஆறரைக்குப் பன்றிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தால் வால்வு முழுக்கத் திறந்து கிடக்கிறது. ட்ரையரின் விசிறி ஓடுகிறது, தீ இல்லை, வருவது வெறும் குளிர்காற்று. வால்வை மூடிக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி பைய்யத் திறந்தால் ஒழுங்காக எரிகிறது. கேஸ் வண்டிக்காரர் வந்து பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று போய்விட்டார். அந்த நேரத்தில் இங்கே வருகிற வெளியாள் டுவேன் ஒருவன்தான்.

"ஆர்வில்கிட்ட சொன்னியா?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"எப்படிச் சொல்வேன்? அவர் நெஞ்சு தாங்குமா?"

வெள்ளைத் தொட்டி கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. பக்கத்திலேயே டுவேனின் வண்டித் தடத்தைக் கண்டதும் கிளைடு மண்டியிட்டு அளக்க ஆரம்பித்துவிட்டான். மார்லிஸ் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள்: அறுபத்தொரு சதவீதம். நேற்று இரவு மூடும்போது எவ்வளவு என்று கேட்டாள். அதே அறுபத்தொன்று என்றாள் வெல்டா. ட்ரையரைச் சுற்றித் தரை முழுக்கச் சோளத்தின் மெல்லிய சிவப்புச் சருகு கொட்டிக் கிடந்தது. அந்த இழவு எங்கே மிதித்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு வீட்டுக்குள் போனார்கள். ஆர்வில் போர்வைக்குள் சாய்ந்திருந்தார். வழியில் கிடந்த அவருடைய கம்பளிச் செருப்பை எடுத்து ஓரமாக வைத்த கிளைடு, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மார்லிஸ் அந்தச் சிவப்புத் தீற்றலைப் பார்த்துவிட்டு, வயலிலிருந்த டுவேனையும் உள்ளே கூப்பிடச் சொன்னாள்.

டுவேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான். வெல்டா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணி, திருடன் யாருன்னு சொல்லிடுங்க" என்றான் கிளைடு.

"திருட்டே நடக்கலை. திருடியிருந்தா முள் இறங்கியிருக்கும்ல? அதோட, எந்தத் திருடன் விசிறியைப் போட்டுட்டுப் போவான்? வந்த ஆளு சோளத்தை உலர்த்தத்தான் வந்திருக்கார்" என்றாள் மார்லிஸ்.

"அப்போ தீ ஏன் அணைஞ்சுது?" என்று கிளைடு கேட்டான்.

"வீட்டு அடுப்புக்குத் தொட்டியோட மேல்பக்கத்து ஆவி போதும். ட்ரையருக்கு அது பத்தாது. அதனால அடிவரைக்கும் குழாய் விட்டு, திரவமாவே எடுக்கறோம். அந்த வால்வுக்குள்ள ஒரு சின்ன தட்டு இருக்கு, ஸ்பிரிங்ல நிக்கும். திரவம் அளவுக்கு மேல பாய்ஞ்சா, வெளியில குழாய் உடைஞ்சு போச்சுன்னு எடுத்துக்கிட்டு தட்டு தானா அடைச்சுக்கும். காலிக் குழாய்ல ஒரேயடியாத் திறந்தாலும் அப்படித்தான். அடைக்கறதுக்குள்ள போன கொஞ்சம் மட்டும் எரிஞ்சு அணைஞ்சுடும். மூடி வச்சா ரெண்டு பக்கமும் அழுத்தம் சமமாகி, தட்டு திரும்ப விலகிடும். வெல்டா பைய்யத் திறக்கறா, எரியுது. வந்தவருக்கு ட்ரையரைக் கிளப்பத் தெரியும், ஆனா பைய்யத் திறக்க நேரம் இல்லை. இவ பன்றிக் கொட்டகைலேருந்து திரும்பறதுக்குள்ள நாற்காலிக்கு ஓடணுமே."

அவள் அந்தக் கம்பளிச் செருப்பைக் கவிழ்த்தாள். அடியெல்லாம் சிவப்புச் சருகு.

ஆர்வில் கூரையைப் பார்த்தார். "தீ பத்திக்கிச்சே. பாத்துட்டுத்தானே வந்தேன்" என்று முனகினார்.

நீங்கள் செத்துப்போயிருந்தால் நான் என்ன பண்ணுவேன் என்று வெல்டா கோபமாகக் கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு நீ எந்திரிக்கறப்போ முட்டி சொடுக்கற சத்தம் கேக்குது, வெல்டா. ட்ரையர் சூடா ஓடிட்டிருந்தா, வந்து பத்து நிமிஷம் என்கூட உக்காந்து காப்பி குடிப்பேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

கிளைடு மூக்கைச் சிந்திக்கொண்டான். வெல்டா கண்ணைத் துடைத்துவிட்டு டுவேன் பக்கம் திரும்பி, உன்னைத் திருடன் என்று நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றாள்.

"நல்லவேளை, எனக்குச் சோளம் அறுக்கத் தெரியாதுன்னு நெனக்கலை" என்றான் டுவேன்.

அவள் இரண்டு செருப்புகளையும் எடுத்து அவன் கையில் திணித்தாள். "இதை உன் வண்டியில வச்சுக்கோ. இவர் கெஞ்சினாலும் குடுக்காதே. டாக்டர் சொன்னப்புறம் கொண்டு வா."

சனிக்கிழமை பனி விழுமுன் நாற்பது ஏக்கரும் அறுத்தாகிவிட்டது. டுவேனின் இயந்திரத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே, அந்தச் செருப்புகள் வயல் முழுக்கப் போய்வந்தன. ஜன்னலருகே வெறுங்காலோடு உட்கார்ந்து ஆர்வில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெல்டா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.