வெறுங்குப்பி என்று சொன்னவன்

"காலிக் குப்பிக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்டான் அவன்.

கேட்டானே... அந்த ஒரு கேள்வியில் சுடர்விழிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கொட்டுகிற ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து, கடை கடையாக விசாரித்து இந்த நுண்ணுயிர் உரக்கடையைக் கண்டுபிடித்திருக்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற மகராசன் சிரிக்கிறான். அவன் சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது வேறு... அதைக் கவனித்துத் தொலைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

விஷயம் இதுதான். அவள் ஆராய்ச்சி செய்கிற ஆய்வகம் தஞ்சாவூரில் திருவையாறு சாலையில் இருக்கிறது. அவள் பேருக்கு வந்த பார்சலில் மழை பட்டு விலாசம் கரைந்து, 'திருவையாறு' மட்டும் மிஞ்சிவிட்டது. மேலே 'குரோத் ஃபேக்டர்' என்று கொட்டை எழுத்து. வளர்ச்சி என்றால் பயிர் வளர்ச்சிதானே என்று கூரியர்காரர் நேராக உரக்கடையில் இறக்கிவிட்டார். கடைக்காரன் விஸ்வாவும் ஏதோ கம்பெனி சாம்பிள் என்று பிரித்து, இரண்டு குப்பியில் ஒன்றில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, நாற்றுத் தட்டில் தெளித்துவிட்டான்.

"அது மனுஷத் தோலுக்கு உண்டானது. நாத்துக்கு ஊத்தியிருக்கீங்க" என்றாள் சுடர்விழி.

"அப்ப நாளைக்கு நாத்து வாயைத் திறந்து பேசுச்சுன்னா உங்களுக்கு போன் பண்றேங்க..."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கிற நேரமா இது?

கோபத்தை அடக்கிக்கொண்டு அவனுக்கு விளக்கினாள். உடம்பில் புண் ஆறும்போது தோல் செல்களைப் பார்த்து 'வளருங்க' என்று ஏவுகிற புரதம் அது. அதற்குரிய மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதை இந்தப் புரதத்தைச் செய்ய வைத்து, சுத்தப்படுத்தி, உலர்த்தி அனுப்புவார்கள். குப்பியின் அடியில் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். பல நேரம் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சர்க்கரைப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர் கொடுத்த துளித் தோலிலிருந்து அவள் வளர்த்த செல்கள் இப்போது இன்க்யூபேட்டரில் பட்டினி கிடக்கின்றன. பழைய புரதம் தீர்ந்துவிட்டது. முன்பு வளர்த்தவை எல்லாம் செத்துவிட்டன. இதுவும் போனால் உதவித்தொகை நீட்டிப்பு கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் குப்பி ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

கேட்கக் கேட்க விஸ்வாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப்போனது. ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டாவது குப்பியை எடுத்துவந்தான். குளிரில் வைக்கச் சொல்லி எழுதியிருந்ததே என்று வைத்தானாம். வாங்கும்போது விரல் பட்டது. அவள் நிமிர்ந்தாள். மழை வெளிச்சத்தில் அவன் கண்கள்... ஐயோ, அத்தனை பக்கத்திலா பார்ப்பது ஒருத்தன்?

"மன்னிச்சுக்குங்க" என்றான் மெதுவாக.

அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளறையிலிருந்து அவன் அப்பா வெங்கடகிருஷ்ணன் வந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு உரம் விற்பதில் அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரும்மா? யார் பொண்ணு?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஊரைச் சொன்னாள். அப்பா பெயர் இராஜாங்கம் என்றாள்.

"அட, நம்ம இராஜாங்கமா? நம்மகிட்டதானே பண்ணைவேலை பார்த்துண்டிருந்தான்... பரவால்லயே, அவன் பொண்ணு படிக்கறதா?"

சுடர்விழிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அப்பா பண்ணைவேலை பார்த்த அந்த வெங்கடகிருஷ்ணனா இவர்? அம்மா ராசம்மாள் நடவின்போது கண்ணாடிச்சில்லை மிதித்தது இந்த வீட்டு வயலில்தான். நடவு முடியட்டும் என்று நிறுத்திவைத்து, அது முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். சர்க்கரை உடம்பு... புண் ஆறவே இல்லை. கடைசியில் வலது காலை எடுத்துவிட்டார்கள். அவள் தோல் செல்களைக் கட்டிக்கொண்டு அழுவதே அந்தக் காலுக்காகத்தான்.

விஸ்வாவைப் பார்த்தாள். எங்கப்பாவை 'அவன்' என்கிறாரே, ஒரு வார்த்தை சொல்லமாட்டானா? அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவுதானா நீ...

குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள். பஸ் நிற்கும் இடத்தில் கூட்டம். கண்டியூர் பக்கம் மரம் விழுந்து பஸ் எதுவும் வராது என்றார்கள். ஆட்டோக்காரர்கள் கையை விரித்தார்கள். மணி என்ன ஆகிறது என்று பார்க்கவே பயமாக இருந்தது. நடக்க ஆரம்பித்தாள்.

பின்னால் பைக் சத்தம். அவன்தான்.

குடமுருட்டிக் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் நேரத்துக்குள் சேர்த்துவிடலாம், ஏறுங்கள் என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டு உதவி எங்களுக்கு வேண்டாம் என்றாள். அவன் பைக்கை உருட்டிக்கொண்டே கூட வந்தான். மழை இரண்டு பேரையும் சேர்த்து நனைத்தது.

"என் மேல கோவம்னா அப்புறம் ஆற அமரப் பட்டுக்குங்க... அந்தச் செல்லுங்க என்ன தப்பு பண்ணுச்சு?"

ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது, செல்கள் ஒரு பக்கம் இழுத்தன. ஏறி உட்கார்ந்தாள். அவன் மேல் படாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. சேற்றில் பைக் ஒரு இடத்தில் வழுக்கி, விழாமல் நின்றது. அவள் கை தானாக அவன் தோளைப் பிடித்தது. உடனே எடுத்துக்கொண்டாள். அந்தக் கோபத்திலேயே எல்லாவற்றையும் அவன் முதுகிடம் கொட்டினாள்... அம்மாவின் கால், அந்த நடவு, அவன் வாயை மூடிக்கொண்டு நின்றது. பைக்கின் வேகம் குறைந்தது. பிறகு அவன் மறுபடி வேகமாக ஓட்டினான்.

ஆய்வக வாசலில் இறங்கியதும், "பிழைச்சிடுச்சான்னு மட்டும் சொல்லுங்க" என்று நம்பரைச் சொன்னான். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உள்ளே ஓடினாள். ஆனால் நம்பர் மனசில் பதிந்துவிட்டதே, அதற்கு யார் என்ன செய்வது?

அவள் புரதத்தைக் கரைத்துச் செல்களுக்குக் கொடுத்தாள். மறுநாள் காலை பார்த்தால் பாதிச் செல்கள் செத்து மிதந்தன. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மிதந்ததைக் கழுவிக் கொட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்துக்கு மறுபடி கொடுத்தாள். அதற்கடுத்த நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. அங்கங்கே ஜோடி ஜோடியாக, உருண்டையாக, பளபளவென்று...

'பிழைத்துவிட்டது' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாள். மதியம் அவனே வந்து நின்றான். தாடி மழிக்காத முகம். சிரிப்பைக் காணோம். பேராசிரியரிடம் கேட்டு உள்ளே அழைத்துப்போய்க் காட்டினாள்.

"இது ரெண்டும் ஏன் ஒட்டிக்கிட்டே நிக்குது?"

"ஒண்ணா இருந்தது இப்பதான் ரெண்டாச்சு. வளருதுன்னு அர்த்தம்."

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மைக்ராஸ்கோப்பை விட்டு விலகி நின்று சொன்னான். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசியிருக்கிறான். இராஜாங்கத்தை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும், அந்த நடவன்று நடந்தது தப்பு என்று. அன்றிலிருந்து அப்பா இவனோடு பேசுவதில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, சுடர்" என்றான் திடீரென்று.

விட்டுக்கொடுத்துவிடாதே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்றது சுலபம்ங்க. எங்கம்மா முன்னால போய் நின்னு இதைச் சொல்ல முடியுமா உங்களால?"

"அங்கேருந்துதான் வர்றேன்."

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள் சுடர்விழி.

"உட்காரச் சொன்னாங்க. டீ குடுத்தாங்க. நான் மன்னிப்பு கேட்டேன். 'எங்காலு போனப்ப நீ அரை டவுசரு தம்பி, அதுக்கு நீ என்ன பண்ணுவே... ஆனா உங்கப்பா எம்புருசனை அவன் இவன்னப்ப, எம்மக முன்னால கம்முனு நின்னியே, அப்ப நீ வளந்த ஆளு. அதுக்குப் பதிலை அவகிட்ட சொல்லிட்டு வா'ன்னாங்க."

"என்ன பதில்?"

"பதில் ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன். இனிமே பயமே வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாயை மூடிட்டு நிக்க மாட்டேன்."

உங்கள் அப்பா எங்கள் வீட்டு வாசல்படி ஏறுவாரா என்று கேட்டாள். இப்போதைக்கு மாட்டார் என்று உள்ளதைச் சொன்னான். நான் வருவேன் என்றான்.

இன்க்யூபேட்டர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற கதை அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இவள் சொல்லித்தான்... திட்டித் திட்டியே ராத்திரி பகலாக இவன் பேச்சைத்தானே அம்மாவிடம் பேசியிருக்கிறாள்.

"அம்மா வேற ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் சந்தேகமாக.

அவன் தயங்கினான். கண்ணுக்குள் அந்தச் சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது.

"சொன்னாங்க. 'பிடிக்காத ஆளைப் பத்தி எம்மக இவ்வளவு பேச மாட்டா'ன்னாங்க."

சுடர்விழி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் அவனைப் பார்த்தாள்.

"நானே சொல்லியிருப்பேன்ல... அதுக்குள்ள இந்த அம்மாவுக்கு என்ன அவசரம்?"