ஒற்றைக் கீறல் கொட்டை

புகையிலைக் கன்றுகளுக்கு மண் அணைத்துவிட்டு நிமிர முடியாமல் ஏரம்பு வரப்பிலேயே குந்தினார். இடுப்பு நாரி விண்ணென்று நொந்தது. வட்டுக்கோட்டை வெயிலில் தோட்டம் முழுவதும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தது. அந்த அசைவுக்குள்ளிருந்து தேவமலர் வந்தாள். பின்னால் துரைராஜா ஓடிவந்தான்.

"ஏரம்பண்ணை, முதல் தெரிவைக் கனகலிங்கம் களவாய் எடுத்திட்டான்," என்றாள் தேவமலர்.

காணாமற்போன ஆட்டையும் நீரிறைக்கும் பம்பையும் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று ஏரம்புவுக்கு ஊரில் பெயர். விஷயமும் அவருக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போன அமெரிக்க வாத்தியார் ஒருவர், பகடை உருட்டி அட்டைகளால் ஆடும் 'பேஸ்போல்' பெட்டி ஒன்றை விட்டுப்போயிருந்தார். நிசமான ஆட்டத்தை ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் தேவமலர், துரைராஜா, கனகலிங்கம், சோமசேகரம் என்று நாலு தோட்டக்காரர் கிணற்றடியில் குந்தினால், காணாத புல்வெளி ஒன்று அவரவர் கண்ணுக்குள் விரியும். வருசத்துக்கொருமுறை ஆட்டக்கார அட்டைகளைப் புதிதாகப் பிரிப்பார்கள். மண்முட்டிக்குள் ஒன்று முதல் நாலுவரை கீறல் போட்ட நாலு கழற்சிக்கொட்டை; ஒற்றைக் கீறல் கொட்டை கிடைத்தவனுக்கு முதல் தெரிவு.

"உனக்கு எந்த அட்டை வேணும்?"

"நெடுவல், அந்த உயரமான அடிக்கிறவன். என்ரை அண்ணன் சீவரத்தினத்தின்ரை ஆள். மூலையிலை அவன்ரை பெருவிரல், புகையிலைக் கறையோடை பதிஞ்சு கிடக்கு. சண்டை நேரம் கிளாலிக் கடலைக் கடக்க வள்ளம் ஏறினவன், ஒரு சேதியுமில்லை. அவன்ரை இடத்திலைதான் நான் ஆடுறன். பொழுதுபடக் கனகலிங்கம் அதைத் தூக்கப்போறான்."

"கொட்டை எடுத்ததைச் சொல்லு."

"சோமசேகரம் அண்ணை கிணத்துக்கட்டிலை இருந்து கொட்டையளைத் தேய்ச்சுத் துடைச்சு முட்டிக்குள்ளை போட்டார். 'கை சுட்டாலும் விட்டிடாதை, தங்கச்சி' எண்டு எனக்குத் தைரியம் சொன்னார். அதுக்குள்ளை கனகலிங்கம் கையை விட்டான். 'பொறு, தங்கச்சி முதல்!' எண்டு அவர் கத்தினார். இவன் கேட்டால்தானே!"

"எடுத்ததும் மற்றக் கைக்கு மாத்தினவன்," என்றான் துரைராஜா. "உள்ளங்கையிலை வேறை கொட்டை வைச்சிருந்தவன், கள்ளன்!"

ஏரம்பு மெல்ல எழுந்தார். "வாறன். எல்லாரையும் கூப்பிடு."

கிணற்றடியில் ஒற்றைக் கீறல் கொட்டையை உருட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் மினுக்கம் போய்த் தேய்ந்திருந்தது. கேள்வி ஒன்றும் கேட்காமல் அதைச் சீமெந்துக்கட்டில் பரபரவென்று உரசி, துரைராஜாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயோ அம்மா!" அவன் மற்றக் கைக்கு மாற்றி ஊதினான்.

"இப்ப நீயும் கள்ளனோ?" என்றார் ஏரம்பு. கனகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "உவன் களவெடுக்கேல்லை. சுட்டது, கை மாத்தினான். ஆனால் உரசினவர் ஒராள் இருக்கிறார். துடைக்கிறதுக்குத் துணி காணும், சீமெந்து வேண்டாம். உரசின சூடு கெதியிலை ஆறிப்போம், அதுதான் தங்கச்சியை முந்தச் சொன்னவர். 'கை சுட்டாலும் விட்டிடாதை' எண்டது தைரியமில்லை, பிள்ளை. அடையாளம். உனக்குத்தான் விளங்கேல்லை."

தேவமலர் திரும்பிப் பார்த்தாள். சோமசேகரம் கிணற்றுக்குள் குனிந்து நின்றான்.

"ஏன் சோமு?"

"என்ரை மனுசிக்குப் பிள்ளைப்பேற்று நோ வந்த அண்டைக்குச் சீவா தன்ரை சைக்கிளைத் தந்தவன். அவளை ஆசுப்பத்திரியிலை விட்டிட்டுத் திரும்பேக்கை ஷெல் விழுந்து அது சப்பளிஞ்சு போச்சு. கிளாலிக்கு அவன் நடந்துதான் போனவன், அண்ணை."

 கிணற்றுத் துலாவின் நிழல் அட்டைகள்மேல் நீண்டு கிடந்தது.

"சுட்ட கொட்டை செல்லாது," என்றார் ஏரம்பு. "திரும்ப எடுங்கோ."

கொட்டைகள் குளிர்ந்திருந்தன. கனகலிங்கத்துக்கு மறுபடியும் ஒற்றைக் கீறல். தேவமலருக்கு இரண்டு கீறல், அடுத்த தெரிவு. அவன் கை நெடுவலின்மேல் போனது. மூலையிலிருந்த விரலடையாளத்தைப் பார்த்தான்.

"அடிக்கிறவன் எனக்கு வேண்டாம். எறியிறவன்தான் வேணும்," என்று பக்கத்து அட்டையைத் தூக்கினான். "என்ன பார்க்கிறாய்? எடன்!"

தேவமலர் எடுத்து, அந்தக் கறைமேல் தன் பெருவிரலை வைத்தாள். அளவு சரியாக இருக்கவில்லை. சோமசேகரம் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சீவரத்தினத்துக்கு அவன் ஒரு சைக்கிள் கடன். அது இன்னும் கொடுபடவில்லை.