இரண்டு முறை வந்த வாரம்

காலையில் பல் தேய்த்ததும் பட்டாணி செய்யும் முதல் வேலை, காலண்டரில் நேற்றைய கட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போடுவது.

பட்டாணிக்கு ஐந்து வயது. அம்மா ரயில் ஓட்டக் கற்றுக்கொள்ள வெளியூர் போயிருந்தார். அடுத்த மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை திரும்புவார்.

காலண்டர் செய்தது அக்கா. ஆறாம் வகுப்புதான், ஆனால் பட்டாணி பிறந்ததிலிருந்து அப்பாகூட அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். கட்டுரை அடிக்கும் மென்பொருளில் தேடியதும், முன்பே கட்டம் போட்டு வைத்த டெம்ப்ளேட்டுகள் வரிசை கட்டி நின்றன. பூ போட்டது, பூனை போட்டது, ஆபீஸுக்கென்று உம்மணாமூஞ்சியாக ஒன்று. அக்கா பலூன் போட்டதை எடுத்தாள். பத்தாம் தேதிக் கட்டத்தில் 'அம்மா' என்று அடித்தாள். மாதத்துக்கு ஒரு தாளாக இரண்டு தாள் அச்செடுத்தாள்.

நான்காம் தேதி, ஞாயிறு காலையோடு முதல் தாள் முடிந்தது. அக்கா இரண்டாவதை ஒட்டினாள். பேனாவோடு வந்த பட்டாணியின் உதடு துடித்தது.

"இந்த வாரத்த நான் முடிச்சுட்டேனே!"

அக்கா எட்டிப் பார்த்தாள். முதல் வரியில் 27, 28, 29, 30, அப்புறம் 1, 2, 3. பழைய தாளின் கடைசி வரியிலும் அதே தேதிகள். மிச்சமிருந்த கட்டங்களில் பக்கத்து மாதத் தேதிகளைச் சாம்பல் நிறத்தில் நிரப்பி வைத்திருந்தது டெம்ப்ளேட். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"அதெல்லாம் முடிஞ்ச நாள்தான்டா."

"அப்போ என் பெருக்கல் எங்க? அம்மா இன்னும் ஒரு வாரம் கழிச்சுதான் வருவா. பொய் சொல்லிட்டா!"

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வந்தது. பட்டாணி அப்பாவின் தையல் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான். "நான் பேச மாட்டேன்!"

அக்கா செய்த காலண்டரால் அல்லவா அம்மா பொய்க்காரி ஆகிவிட்டார்!

ஓடிப்போய்ச் சாம்பல் எண்களை அழித்து, புதிதாக ஒரு தாள் எடுத்து வந்து காட்டினாள்.

"நம்பர் இல்லேன்னா என்ன? கட்டம் இருக்குல்ல?" என்றது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

கேள்வி என்னவோ நியாயம்தான்.

மேஜைக்கு மேலே அப்பா இரண்டு துணிகளை, ஒன்றின் ஓரத்தின் மேல் இன்னொன்றின் ஓரத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா அதையே பார்த்தாள். பிறகு பழைய தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன் கடைசி வரிமேல், சாம்பல் எண்கள் இருந்த இரண்டாம் தாளின் முதல் வரி விழும்படி பிடித்தாள்.

"பட்டாணி, இங்க வா. உன் பெருக்கலெல்லாம் இருக்கு!"

அவன் தவழ்ந்து வந்தான். வெளிச்சத்தில், 27க்குள் ஒரு பெருக்கல். 28க்குள் ஒன்று. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே வாரமா?"

"ஒரே வாரம்தான்டா. ரெண்டு தடவ அச்சாயிடுச்சு."

அக்கா இரண்டாம் தாளின் முதல் வரியை, மேலே இருந்த பலூன்களோடு சேர்த்து, வெட்டி எறிந்தாள். மீதியைப் பழைய தாளின் கீழே வைத்து, "அப்பா, இத தைச்சுக் குடுங்க" என்றாள்.

"காகிதத்தையா? ஊசி கோவிச்சுக்கும்!" என்றார் அப்பா. ஆனாலும் தைத்துக் கொடுத்தார்.

மாலையில் போன் அடித்ததும் பட்டாணி பாய்ந்து எடுத்தான்.

"அம்மா, ஒரு வாரம் கூடிப் போச்சு! அக்கா வெட்டித் தைச்சுட்டா. நீ சனிக்கிழமையே வந்துடு!"

சனிக்கிழமை அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தைச்ச காலண்டர் எங்கடா?"

பட்டாணி கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். ஒன்பதாம் தேதி வரை எல்லாக் கட்டத்திலும் பெருக்கல்; 'அம்மா' என்ற கட்டத்தில் மட்டும் இன்னும் போடவில்லை.

"இத நீதான் போடணும்" என்று பேனாவை நீட்டினான்.