வெள்ளிக் கொக்கின் இரண்டாம் பாதி

"ஐயோ...!"

அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அரங்கமே கத்திக்கொண்டிருந்தது.

திரையில் வெள்ளிக் கொக்கின் முகமூடி இரண்டாகப் பிளந்து விழுந்திருந்தது. சின்ன வயதில் பள்ளிவிட்டு ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த அதே ஜப்பான் தொடரின் நாயகன். ஒரு தடவைகூட முகத்தைக் காட்டாதவன். அதைப் புதிதாய்ப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்றதும், "லென்ஸ் வாங்க மொத்தக் கடைக்குப் போறேன்" என்று அப்பாவிடம் புளுகிவிட்டு முதல் நாள் மதியக் காட்சிக்கே வந்திருந்தாள். உள்ளே யார் இருப்பான்? எத்தனை வருடக் கற்பனை...

உள்ளே இருந்தது கரிமுகன்.

வில்லன்! வெள்ளிக் கொக்கின் ஜென்ம எதிரி!

"இல்ல... இல்ல... இல்லவே இல்ல!"

துள்ளி எழுந்தாள். ஒரு கை எதையோ இறுகப் பற்றியிருந்தது. இன்னொரு கை வீசிய வீச்சில் எதன் மேலோ பட்டு, அது பறந்தது. முன்வரிசையில் யாரோ குதித்தார்கள். நொறுக்கென்று ஒரு சத்தம்.

இடைவேளை விளக்குகள் எரிந்தன.

அரங்கம் இழவு வீடாகியிருந்தது. வெள்ளிக் கொக்கு படம் போட்ட பனியனில் ஒரு பெரிய மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "எங்க பால்யத்தையே கொன்னுட்டீங்களேடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் எழுந்து வெளியே போகவில்லை. போகத் தோன்றவில்லை.

"ஏங்க... என் கைய எப்ப திருப்பித் தருவீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து இருக்கையில் யாரோ ஓர் இளைஞன். அவனுடைய கைதான் அவள் பிடிக்குள் இருந்தது. வெடுக்கென்று விட்டாள்.

"மன்னிச்சிடுங்க... அது... கரிமுகன்..."

"அதுவரைக்கும் பாத்தேன். அப்புறம்தான் ஒண்ணும் தெரியல."

"ஏன்?"

"என் கண்ணாடிய யாரோ பறக்க விட்டுட்டாங்க."

குனிந்து தேடி எடுத்தாள். ஒரு பக்கம் தூள். சட்டம் கோணல். உடையாமல் தப்பித்த வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவள் உதட்டைக் கடித்தாள். "இவ்வளவு பவரா? அப்ப என் முகம்கூட உங்களுக்குத் தெரியாதே!"

"மேகம் மாதிரி ஏதோ தெரியுது. அது பேசுது."

சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வந்தது. அகலமான கண்கள் அவனுக்கு. கண்ணாடி இல்லாத வெட்கத்தில், அப்போதுதான் தூங்கி எழுந்தவை போலச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"எங்க அப்பா கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு. நான்தான் அங்க கண் டெஸ்ட் பண்றேன். நாளைக்கு வாங்க, புதுசு போட்டுத் தரேன். இப்ப... வீட்டுக்கு ஏதாவது வண்டி பிடிச்சு விடட்டுமா?"

"பாதிப் படத்துலயா? கரிமுகன் எப்படி உள்ள போனான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வருமா? நீங்க பாத்து சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

"நானா?"

"பறக்க விட்டது யாருங்க?"

அவள் அவன் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

விளக்குகள் அணைந்தன. முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். "பனி பெய்யுது... கரிமுகன் நடக்கறான்... முதுகு மட்டும் தெரியுது..." போகப் போகத் தன்னை மறந்தாள். சண்டைக்குக் குரலில் வேகம் வந்தது. மௌனத்துக்கு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். அவன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

உண்மையான வெள்ளிக் கொக்கு எப்போதோ செத்துப்போயிருந்தான். கரிமுகன் கையால். வெற்றிக் களிப்போடு நிமிர்ந்த கரிமுகன், மொட்டை மாடிகளில் குழந்தைகள் வெள்ளிக் கொக்குக்காகக் கையசைத்துக் காத்திருப்பதைப் பார்க்கிறான்...

"அந்த முகமூடிய எடுக்கறான்... அவன்தான் கொன்னான்... அவனே... மாட்டிக்கறான்..."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அழறீங்களா?"

"இல்ல."

"அப்ப சொல்லுங்க."

"முடியலங்க..."

"பரவால்ல. புரிஞ்சிடுச்சு," என்றான் மிக மெதுவாக.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. இருப்பது ஒரே குடை. அவன் படி தெரியாமல் தடுமாற, சட்டையின் முழங்கைத் துணியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து நடத்திப் போனாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். "மேல போறதும் கீழ வர்றதும்தான் பொழப்பு" என்றான்.

"இது துரோகம்ங்க," என்று பொருமினாள். "கரிமுகனப் போய் நல்லவனாக்கி..."

"கொன்னவனே செத்தவனோட வேலையக் காலமெல்லாம் செய்யறான். அத விடப் பெரிய தண்டன என்னங்க இருக்கு?"

"படத்தப் பாக்கவே இல்ல, பேச வந்துட்டீங்க!"

"கேட்டேனே. சொன்ன குரல் அவன மன்னிச்சிடுச்சு. நீங்கதான் இன்னும் மன்னிக்கல."

அவள் நின்றுவிட்டாள். குடைக்கு வெளியே அவன் ஓரடி போய் நனைந்தபடி, "எங்க போனீங்க?" என்று மழையைப் பார்த்துக் கேட்டான்.

அன்று முழுக்க அந்தக் கேள்வி அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் அடுத்த இடி. ரசிகர்களின் முகங்களைப் படம்பிடிக்கத் திரைக்குக் கீழே கேமரா வைத்திருந்தார்களாம். வாசலில் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்களாம். ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவளின் கண்ணில் அது படவில்லை. முகமூடி விழுந்த அந்த நொடியின் காட்சி இப்போது எல்லோர் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் பிளந்து அலறுகிறாள். கண்ணாடி பறக்கிறது. பக்கத்து இருக்கைக்காரன் கையை உடும்பாகப் பிடித்திருக்கிறாள்.

கீழே ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். 'இந்த அக்கா கத்தலுக்கே தனி டிக்கெட் போடலாம்.' 'கரிமுகன் வந்தது அதிர்ச்சியே இல்ல, அண்ணன் கண்ணாடி போயும் கைய எடுக்கலையே, அதுதான் அதிர்ச்சி.' 'என்ன பொருத்தம்டா சாமி!'

மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஒருவர்தான் அதை அப்பாவுக்குக் காட்டினார். அப்பா கையிலிருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தார்.

"அந்தத் தம்பி யாரும்மா?"

"தெரியாதுப்பா. சத்தியமா."

"தெரியாதவன் கையையா இப்படிப் பிடிச்சிருக்க?" அவர் குரலை உயர்த்தவில்லை. "பொய் சொல்லிட்டுப் போயிருக்க. உங்கம்மா போனதுக்கப்புறம் நமக்குள்ள ஒளிவு மறைவு இல்லன்னு நெனச்சேன். எங்கிட்ட சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. ஒரு சினிமாவுக்காகச் சொன்ன சின்னப் பொய், அப்பாவின் கண்ணில் எத்தனை பெரிய பொய்யாகிவிட்டது!

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒவ்வொரு பெயர்ப்பலகையாக முகத்தை ஒட்டிப் படித்தபடி அவன் வந்துகொண்டிருந்தான். ஓடிப்போய் வழிமறித்தாள். மூச்சிரைக்க விஷயத்தைக் கொட்டினாள்.

"நாம யாரோ எவரோன்னு நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க. ப்ளீஸ்ங்க."

"உண்மையத்தானே சொல்லணும்? சொல்றேன்," என்றான். ஆனால் முகம் ஏனோ சின்னதாகிப் போனது.

முதலில் கண் சோதனை. இருட்டு அறை. சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, வட்ட வட்டமான கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். தினமும் செய்கிற வேலை. இன்று மட்டும் ஒரே கண்ணாடியை இரண்டு தடவை செருகினாள்.

"இது நல்லா இருக்கா... இதுவா?"

"ரெண்டாவது."

"இப்ப? கடைசி வரி தெரியுதா?"

எழுத்துப் பலகையைப் பார்க்க வேண்டியவன், எதிரே நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதன்முறையாக. அந்த அகலக் கண்களுக்குள் மேகம் கலைந்து, அவள் முகம் வந்து நின்றது.

"ஏங்க... தெளிவா தெரியுதா?"

"தெரியுது. அதிர்ச்சியா இருக்கு."

"ஏன், அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"ராத்திரி பூரா குரல வெச்சு ஒரு முகம் நெனச்சு வெச்சிருந்தேன். அது..."

"அது?"

"இதுக்குக் கிட்டகூட வரலங்க."

கையிலிருந்த கண்ணாடி வில்லை நழுவி உருண்டோடியது. நல்லவேளை, இருட்டு.

வெளியே வந்து அப்பாவின் முன்னால் நின்றான். அப்பாவின் சிவந்த கண்களை, கழற்றாத சோதனைச் சட்டத்தின் வழியாக ஒரு கணம் பார்த்தான்.

"சார், இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நேத்து பக்கத்து சீட்டு, அவ்வளவுதான். பயந்துபோய்ப் பிடிச்சிட்டாங்க. இனிமே நான் இவங்கள பாக்கவும் போறதில்ல."

அந்தக் கடைசி வரியை அவள் சொல்லச் சொல்லவில்லை.

இதற்குத்தானே ஆசைப்பட்டாள்? பிறகு ஏன் இப்படி வலிக்கிறது?

கண்ணாடி தயாரானபோதும் அவன் வரவில்லை. கூட வேலை செய்யும் ஒருவர் வந்தார். நகரின் பழைய அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் கழற்றிப் போட்டிருக்கிறார்களாம், அவனால் நகர முடியாதாம். 'வராட்டிப் போகட்டும்... எனக்கென்ன?' என்று அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டாள். அன்று வந்த யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

வாரக் கடைசியில் அப்பா கூப்பிட்டார்.

"இங்க வா. இதப் பாரு."

திரையரங்கக்காரர்கள் இரண்டாம் பாதியையும் வெளியிட்டிருந்தார்கள். நீல வெளிச்சத்தில் வரிசை வரிசையாக முகங்கள். எல்லாம் திரையைப் பார்த்தபடி. நடுவில் அவள் சாய்ந்து ஏதோ முணுமுணுக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் மட்டும் திரையின் பக்கமே திரும்பவில்லை.

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதேப்பா. எங்க பாத்தா என்ன?"

"கேக்கறவன் காதத்தான் குடுப்பான். இவன் முகத்தக் குடுத்திருக்கான்."

அவள் போனை வாங்கி அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

"அது அவன் பாடு. எனக்கு நீதான் முக்கியம். இனிமே பாக்கப் போறதில்லன்னு அவன் சொன்னப்ப உன் முகம் போன போக்க நான் பாத்தேன். தெரியாதவன்னு நீ சொன்னது நெசம்தான். நான்தான் உன்ன நம்பாம போயிட்டேன்." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மழ வரும் போல இருக்கு. கெளம்பு."

"எங்கப்பா?"

"இதையும் நானே சொல்லணுமா?"

கண்ணாடி வாங்க வந்தவர் சொன்ன அந்த அடுக்குமாடியில் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினாள். உச்சியில், திறந்து கிடந்த லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், கருவிப் பெட்டியோடு அவன் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் கிரீஸ். மூக்கில் புதுக் கண்ணாடி.

நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனர் குழிக்குள் விழுந்து, எங்கோ அடியில் ணங்கென்றது.

"கண்ணாடி... சரியா இருக்கா? மூக்குல உறுத்துதா?" வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை அவளுக்கு.

"எல்லாக் கஸ்டமருக்கும் இப்படிப் படியேறி வந்து கேப்பீங்களா?"

"இல்ல."

மழை ஜன்னலில் விழத் தொடங்கியது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? பாக்கவே போறதில்லன்னு?"

"உங்கப்பா முகத்தப் பாத்தேன். கொஞ்சம் சேத்துச் சொன்னா நிம்மதியாவார்னு தோணுச்சு. சொன்னப்புறம்... சொன்ன வார்த்தையக் காப்பாத்தணுமேன்னு ஒரு வீம்பு."

"அதனால ஆள அனுப்பினீங்க."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கிரீஸ் கையால் துடைத்ததில் அது இன்னும் அழுக்கானது. "நானும் வந்தேன். நாலு கடை தள்ளி நின்னேன். அந்தாள் வெளிய வந்ததும், என்னப் பத்திக் கேட்டாங்களான்னு கேட்டேன். ஒண்ணும் கேக்கல, ஆனா கண்ணாடிப் பெட்டிய தன் கையில குடுக்கவே மனசில்ல அந்தப் பொண்ணுக்குன்னார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீம்பெல்லாம் படியேறும்போதே எங்கோ உதிர்ந்திருந்தது.

"உங்க பேச்சு, நடை... அதுக்கு மேல உங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நீங்க பாக்க மாட்டேன்னு சொன்ன நிமிஷத்துலேருந்து எனக்கு எதுவுமே ஓடலங்க. எனக்கு உங்கள... பிடிச்சிருக்கு. இத சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன். நான் போறேன்."

திரும்பினாள்.

"போகாதீங்க."

நின்றாள்.

"எனக்கு அந்தப் பனி பெய்யுதுன்னு சொன்னீங்களே, அப்பவே பிடிச்சிடுச்சு," என்றான் அவன். "முகம் தெரியறதுக்கு முன்னாடியே. இப்ப தெரிஞ்சதுக்கப்புறம்... என்ன சொல்றதுன்னே தெரியல. காதல்னா இதுதான்னா, எனக்கு அதுதாங்க."

கீழ்த் தளத்திலிருந்து ஓர் அம்மாவின் குரல் எரிச்சலோடு ஏறி வந்தது. "ஏம்ப்பா! லிஃப்ட் எப்பதான் ஓடும்?"

அவன் அவளிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இன்னைக்கு ஓடாதும்மா!"