பிரேக்கை மிதித்த கால்

டொக்... டொக்...

ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்த வெற்றிவேலின் கை ஸ்பானரோடு அப்படியே நின்றது.

மேலே குதிகாலால் இரண்டு தட்டு! 'பிரேக்கை மிதித்துவிட்டேன்' என்று அர்த்தம். வாயைத் திறக்காமல் அப்படித் தட்டுகிறவன் ஊரிலேயே ஒருத்தன்தான். அண்ணன் காசி.

காசி செத்து இன்றோடு நாலு நாள்!

காவலூர் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இதே ஜீப்போடு பள்ளத்தில் பாய்ந்தான். அவன் போய்விட்டான். ஜீப் மரத்தில் மாட்டிப் பிழைத்துக்கொண்டது. அதை இன்று காலையில்தான் கயிறு கட்டி மேலே ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நாலு மணிக்கு வண்டியைச் சோதிக்க ஆள் வருகிறது. அதற்குள் இடது பின்சக்கரத்தின் பிரேக் பைப்பை மாற்றியாக வேண்டும்.

அது தேய்ந்து போகவில்லை. அறுக்கப்பட்டிருந்தது.

அறுத்தவன் வெற்றிவேல்!

புதுப் பைப்பை மாட்டியாயிற்று. பழையது சட்டைப் பையில். உள்ளே புகுந்த காற்றை எடுப்பதுதான் பாக்கி. மேலே ஒருவர் மிதிக்க, கீழே ஒருவர் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறக்க வேண்டும். அண்ணி இளவரசிதான் இவ்வளவு நேரம் மிதித்தாள். டீ வைக்கிறேன் என்று சற்று முன்தான் வீட்டுக்குள் போனாள்.

"அண்ணி... வந்துட்டீங்களா?"

சமையலறையில் டம்ளர் உருளும் சத்தம்.

அண்ணி அங்கே இருக்கிறாள். அப்படியானால் மேலே...?

டொக்... டொக்...

பழக்க தோஷத்தில் கை நிப்பிளைத் திறந்தது. அதில் செருகிய ட்யூபில் பிரேக் ஆயில் பாய்ந்தது. ட்யூபின் மறுமுனை கிடந்த பாட்டிலில் குமிழ் குமிழாகக் காற்று. நிஜமாகவே யாரோ மிதிக்கிறார்கள்!

பேய்க்குக் கால் கிடையாது என்று சொன்னவன் மட்டும் இப்போது கையில் கிடைத்தால்...

"அண்ணா... நீயா?"

டொக்... டொக்...

"நான்தாண்ணா அறுத்தேன்! ரோட்டோர நெலத்த எழுதித் தர மாட்டேன்னியே... அந்த ஆத்திரத்துல பண்ணிட்டேன். என்ன வுட்டுடுண்ணா!"

நாலு நாளாக அடக்கி வைத்த அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

சீட்டிலிருந்து இரண்டு கால்கள் மெல்ல இறங்கின. விரல்களில் மெட்டியைக் கழற்றிய தடம்.

"அவரு தட்டறத எட்டு வருசமா பாத்தவடா நானு!"

"அண்ணி! உள்ள டீ..."

"பின்வாசலால சுத்தி வந்து ஏறுனேன். ஜீப்பு இன்னைக்கித்தான் மேல வந்துச்சு. எந்தப் பைப்பு போச்சுன்னு எவனும் பூந்து பாக்கல. நீ மட்டும் அதே பைப்ப நேத்தே வாங்கியாந்து வூட்ல வச்சிருந்தியே... எப்டிடா?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக் கை காட்டினாள்.

சமையலறையிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் பாலமுருகன் டீ டம்ளரோடு வந்து குனிந்தார்.

"எல்லாம் கேட்டுச்சு. பழைய பைப்ப எடு."

கொடுத்துவிட்டு வெளியே உருளப் பார்த்தான் வெற்றிவேல்.

"இன்னா அவசரம்? மூணு சக்கரம் பாக்கி இருக்குல்ல... முடிச்சிட்டு வா. ஸ்டேஷனுக்கு இதுலதான் போவணும். எங்க ஜீப்புல பிரேக்கு சரியில்ல!"