வீடு திரும்பியோர் பட்டியல்

புதிய கணினிப் பதிவேட்டுக்காகப் பழைய பதிவுகளைச் சரிபார்க்கச் சொல்லி, என்னை மீண்டும் அந்தக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். காணாமல்போன குழந்தைகளின் விவரங்களை நான் மூன்று வருடம் பதிந்த இடம் அது. அலுவலகம் வேறிடம் போனபின் காவலாளி மட்டும் அங்கே இருந்தார்.

"வாங்க தம்பி. வழி மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்று சாவியைக் கொடுத்தவர், குரலைத் தாழ்த்தினார். "கதவைச் சாத்தாதீங்க. அதுங்களுக்குப் பிடிக்கல."

"எதுங்களுக்கு? எலியா அண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. "எலி அம்மான்னு கூப்பிடுமா?"

நடுப்பகல்தான். ஆனாலும் மாடி அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரக் காகிதத்தின் நெடி. அதற்கடியில், வெயிலில் ஆடிவிட்டு வந்த குழந்தையின் தலை வாசனை. மேசைத் தூசில் சின்னச் சின்ன விரல் தடங்கள் ஒரு கோப்பு வரை போயிருந்தன.

வீடு திரும்பியோர் பட்டியல்.

அதில் பதினோரு பேர். பதினொன்றும் என் கைவேலை.

மாதக் கடைசியில் முடியாத புகார்கள் மிஞ்சினால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். அதனால் சாலையோரம் பிழைப்பவர்களின் பிள்ளைகளை 'வீடு திரும்பினார்' என்று எழுதி முடித்துவைப்பேன். எந்த முகவரிக்கு என்று எழுதாவிட்டால் மேலிடம் ஏற்காது. அவர்களுக்கோ வீடில்லை. எங்கள் அலுவலக முகவரியையே எழுதிவிடுவேன். அதன்பின் அவர்களை யாரும் தேடவில்லை.

நான் எழுதிய வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

ஒன்றல்ல.

கோப்பைக் கிழித்துப்போட்டால் யாருக்கும் தெரியாது என்று, கடவுள் மன்னிக்கட்டும், அப்போதும் நினைத்தேன்.

விளக்கு அணைந்தது.

கோப்போடு தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கினேன். வாசலில் ஒரு பெண் குந்தியிருந்தாள். பேருந்து நிலையத்தைக் கூட்டிப் பெருக்குபவள். பட்டியலின் முதல் பெயர் அவளுடைய ஆறு வயது மகளுடையது. 'பதிவுல திரும்பிட்டான்னுதான் இருக்கு' என்று நானே அவளைப் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"இந்தம்மா வாரம் தவறாம வருது. நான் ஒரு டீ வாங்கிக் குடுப்பேன். வேற என்ன செய்ய" என்றார் காவலாளி.

அந்த டீ அளவுக்குக்கூட நான் எதுவும் செய்யவில்லை.

அவளெதிரே உட்கார்ந்தேன். "உங்க பொண்ணு வீட்டுக்கு வந்துட்டான்னு எழுதினது நான்தாம்மா. அது பொய்."

அவள் திட்டவில்லை.

"எந்த வீட்டுக்குன்னு எழுதின, சாமி?"

மாடியைக் காட்டினேன்.

அவள் ஏறிப்போய், இருட்டில் தரையில் உட்கார்ந்தாள்; நான் பின்னால் போய் அறை வாசலில் நின்றேன். "வா" என்றாள் மெதுவாக.

அவள் மடியில் சேலை சற்றே அமுங்கியது. அவள் கை, வெறும் காற்றில், தலையைக் கோதுவதுபோல் மேலும் கீழும் போய்வந்தது.

நான் வாசல் வெளிச்சத்தில் கோப்பைப் பிடித்து, பதினோரு பெயர்களுக்கு எதிரேயும் எழுதினேன்: 'திரும்பவில்லை. தேடப்படவுமில்லை. தவறு என்னுடையது.' கையெழுத்திட்டேன்.

மற்றப் பத்துப் பேருக்கும் அங்கே யாரும் வந்திருக்கவில்லை.

என் சுண்டுவிரலை ஒரு சின்னக் கை பற்றியது. ஐஸ்போலக் குளிர்ந்தது. உதறாமலிருக்க மட்டும் இறைவன் எனக்கு அருள் தந்தார்.

பிறகு மறு பக்கம், இன்னொரு கை.