ஆளுக்குப் பாதி கீபோர்டு

அன்று மாலை ஊர்ச்சபைக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: படியோரம், டைப்பிங் சொல்லித்தரும் லூசியா டீச்சர். எதிர்ப்புறம், அட்டையில் வரைந்த கீபோர்டைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்த பஸ் டிரைவர் சேமு. முன்வரிசை நடுத்தூணில் சாய்ந்து, ஒரே கம்ப்யூட்டரின் முன்னால், பக்கத்து ஊர் நர்ஸ் ஃபெட்டுவாவோ. சுவரே இல்லாத கூடம்... சுற்றிலும் சவாயீ தீவின் மழை.

நனைந்தபடி படியேறினான் அலபாட்டி. சபை கூடினால் ஊருக்காகப் பேசும் பேச்சாளர் பட்டம் அவனுடையது.

"அது என் தூண்," என்றான்.

நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... கடலில் சட்டென்று ஆழம் விழும் இடத்தின் நிறம்!

"தூண் உங்களோடதுதாங்க. ஆனா கூடத்துலயே ஒரே ப்ளக் இங்கதான இருக்கு?"

"பட்டம் வாங்கினவங்கதான் இங்க சாயலாம்."

"அப்ப கம்ப்யூட்டருக்கும் ஒரு பட்டம் குடுத்துடுங்க!"

சேமு அட்டையால் சிரிப்பை மறைத்தான்.

"சண்டை போதும்," என்றாள் டீச்சர். "இடது பாதி அலபாட்டிக்கு. வலது பாதி உனக்கும்மா. உக்காருங்க."

சபைச் செய்திகளை இனி டைப் செய்துதான் அனுப்ப வேண்டுமாம், அதைப் பழகத்தான் அலபாட்டி வந்திருந்தான். தன் தூணுக்குப் பக்கத்திலேயே விருந்தாளிபோல் உட்கார்ந்தான். ஆணி அடிப்பதுபோல் ஓர் எழுத்தை அடித்தான். திரையில் வந்து நின்றது. அவள் தன் பாதியில் ஒன்று தொட்டாள். அதன் அருகே ஒட்டிக்கொண்டது. ஐயோ... சபையில் அவன் பேசியதெல்லாம் அன்றன்றே காற்றில் கரைந்துபோனது. இது கரையவில்லையே!

அப்போது சங்கு ஊதியது. மாலை ஜெபம், ஊரே அசையாமல் அமரும் நேரம். எல்லோரும் தலை குனிந்தார்கள். அவன் விரல் ஓர் எழுத்தை அழுத்தியபடியே இருந்தது... எடுக்கத் துணியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், அதே எழுத்து வரி வரியாய், பக்கம் பக்கமாய் இறங்கிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தாள். ஒரு விரல் இடைவெளியில் அவள் கை. திரையை விட்டுத் திரும்பிய கண்கள் ஒன்றையொன்று சந்தித்தன.

மறுசங்கு ஊதியதும் வெடித்துச் சிரித்தாள். "விரலை எடுத்திருக்கலாம்ல?"

"சங்கு ஊதினப்புறம் அசையறதா? நானா?"

அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பாதி அடித்திருந்த விண்ணப்பத்தைத் திறந்தாள். "அபியா பெரியாஸ்பத்திரி வேலைக்கு. காலையில சேமுவோட முதல் பஸ்ல இது போயாகணும்ங்க. கையால எழுதினா வாங்க மாட்டாங்களாம்."

அபியா... கடலுக்கு அந்தப் பக்கம். அவன் கை நின்றுவிட்டது.

"என்னங்க, வலிக்குதா?"

"என் பாதியை நான் அடிக்கலேன்னா?"

"நானே தடவித் தடவி அடிச்சுக்குவேன்." குரல் மெலிந்தது. "நர்ஸான நாள்லேர்ந்து கேட்டுட்டிருந்த வேலைங்க இது..."

அவன் குனிந்து அடிக்கத் தொடங்கினான். அவன் விட்ட இடத்தில் அவள், அவள் விட்ட இடத்தில் அவன்... கடைசியில் அவள் பெயர் மட்டும் மிச்சம்.

"உன் பேரு என் பாதியிலதான் ஆரம்பிக்குது," என்றான் மெல்ல. "நீ போ, ஃபெட்டுவாவோ. ஆனா... உன்னைப் பிடிச்சுப்போச்சு. சபையில எதையும் சொல்லிடுவேன். உங்கிட்ட சொல்லத்தான் உதறுது."

மழை நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"கப்பல் தினமும் ஓடுது, பேச்சாளரே. எழுதுங்க... வாங்க. எனக்கும் பிடிச்சிருக்கு."

பெயரையும் அடித்து முடித்ததும் டீச்சர் அச்செடுத்துத் தந்தாள். விண்ணப்பத்தை வைத்த உறையின் விளிம்பை ஃபெட்டுவாவோ நாவால் ஈரமாக்க, அவன் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். சேமு அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்து, பஸ்ஸை நோக்கி நடந்தான்.